மாதா காலடியில் இரண்டு தாலி

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே தாலியைப் பங்குக் கோயில் ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி போட்டவன் நான்தான். வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

விதிக்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஒரு கல்யாணம். மணமக்கள் வாக்குறுதி கொடுத்து முடித்து, பாடகர் குழு சுதி தப்பி மறுபடி சுதி சேர்ந்து, வீடியோக்காரர் என் தோளில் சாய்ந்துகொண்ட பிறகுதான் தாலி கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் வரும்வரை நான் பிரசங்கத்தை நீட்டினேன். கானாவூர் கல்யாணத்தில் கிளம்பி, நோவாவின் பேழையில் ஏறி, செங்கடலையே கடந்துவிட்டேன். தாலி வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் போட்ட விதி. நன்றாகத்தான் வேலை செய்தது, இந்த ஆனி மாதக் கடைசியில் ஒரே காலையில் இரண்டு கல்யாணம் வரும்வரை.

முதல் கல்யாணம் டெல்பினுக்கு. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். அப்பா பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர்; அவள் எல்.கே.ஜி. போவதற்கு முன்பே தவறிப்போனார். அம்மா அமிர்தத்துக்கு அங்கேயே ஆபீஸ் உதவியாளர் வேலை கிடைத்தது. மாப்பிள்ளை ஜெரால்டுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. இரண்டாவது கல்யாணம் எங்கள் பங்குப் பையன் ரோஷனுக்கு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண் வைஷ்ணவி, ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். அந்தக் கல்யாணத்துக்கு அனுமதி வாங்க ஆயர் இல்லத்துக்கு நான் நடந்த நடையில் வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரையே போய் வந்திருக்கலாம்.

இரண்டும் நல்லபடியாக முடிந்தன. இரண்டு மண்டபத்திலும் சாப்பிட வேண்டியிருந்தது. முதல் மண்டபத்தில் பிரியாணி, இரண்டாவதில் பருப்பு உசிலி. வயிறு என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி நின்றுபோயிருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அமிர்தத்தின் குரல்.

"சாமி, இது பாவம் இல்ல. ஒரு விஷயம்."

"பாவம் இல்லேன்னா இங்க எதுக்கும்மா வந்தீங்க? பின்னாடி வரிசை நிக்குது."

"இங்க சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லவும் மாட்டேன், ஒண்ணும் செய்யவும் முடியாதும்மா. நாளைக்கு ஒங்களப் பாத்து 'என்னாச்சு'ன்னுகூட கேக்க முடியாது. எந்திரிச்சு ஆபீசுக்குப் போங்க. அங்க வந்து கேக்குறேன்."

"தாலி மாறிப்போச்சு சாமி."

"எனக்குக் காதுல விழல. ஆபீசுக்குப் போங்க."

விழுந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து பொய் சொன்ன முதல் பாதிரியார் நானாகத்தான் இருப்பேன். மிச்ச வரிசையை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. கணவனிடம் கோபப்பட்டதாகச் சொன்ன ஒரு அம்மாவுக்கு, பழக்கதோஷத்தில் கணவனை மன்னித்து அனுப்பிவிட்டேன்.

ஆபீசில் அமிர்தம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா. எது மாறிப்போச்சு?"

"டெல்பின் கழுத்துல இருக்கறது அவ தாலி இல்ல. அந்தத் தாலி வைஷ்ணவிப் பொண்ணு கழுத்துல இருக்கு."

"ரெண்டும் இருதய வடிவம், நடுவுல சிலுவை. எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது என் தாலி, சாமி."

மாப்பிள்ளை வீட்டார் தாலி வாங்குவதுதான் வழக்கம். ஆனால் டெல்பின் ஜெரால்டிடம் ஒரே பிடிவாதமாக இருந்திருக்கிறாள்: எனக்கு எங்கம்மா தாலிதான் வேணும். பையனும் சரி என்றுவிட்டான். 'தாலி என் பொறுப்பு' என்று வீட்டில் சொல்லிவிட்டு, அமிர்தத்தின் பழைய தாலியை மெருகு போடக் கொடுத்து, கடைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அறுத்துப்போட்ட தாலியா என் மகன் கையில் என்று தெருவைக் கூட்டிவிடுவாள்.

"பின்பக்கம் ரெண்டு சின்னப் பள்ளம் இருக்கும் சாமி. டெல்பினுக்குப் பல் முளைச்சப்ப, இடுப்புல தூக்கி வச்சா தாலியத்தான் கடிப்பா. அவங்கப்பா திட்டுவாரு. 'ஆசாரிகிட்ட குடுத்துத் தட்டிடுவோம்'பாரு. தட்டுறதுக்குள்ள அவரு போயிட்டாரு. மெருகு போடறப்பகூட ஜெரால்டு சொல்லிட்டாரு, அந்தப் பள்ளத்தைத் தொடாதீங்கன்னு. கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் அவ மாலைய சரி பண்ணேன். விரல் தானா பின்னாடி போச்சு. வழுவழுன்னு இருந்துச்சு சாமி."

என் கைபேசி அடித்தது. போர்வெல் மோட்டார் ஆள். அணைத்து வைத்தேன்.

"நேரா போய்க் கேட்டுடலாமே?"

"என்னன்னு கேக்கறது? கட்டின தாலியக் கழட்டிக் குடுன்னா? ஏன்னு கேப்பாங்கல்ல. தாலி அறுத்தவளோடது ஒங்க பொண்ணு கழுத்துல இருக்குன்னு சொல்லவா? அய்யர் வீடு சாமி. அந்தப் பொண்ணை என்ன பாடு படுத்துவாங்களோ." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரு வாங்கித் தந்தது. இவ கடிச்சது. ரெண்டு பேரும் அதுல இருக்காங்க. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலைல இவளுக்கு மஸ்கட் ஃப்ளைட். வேற யாரோட தாலியையோ போட்டுக்கிட்டு கடல் தாண்டிப் போறா."

"திருமணம்கிறது சம்மதத்துலதான்மா இருக்கு. தாலியில இல்ல. திருச்சபை…"

"தெரியும் சாமி. வகுப்புல சொன்னீங்க," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.



போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். "யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும்னா ஒருத்தருக்குச் சொல்லுங்க. ஒரே ஒருத்தர். டெல்பின் மாமியாருக்கு மட்டும் போயிடக் கூடாது."

கோயில்பிள்ளை இன்னாசியைக் கூப்பிட்டேன். கோயில் சாவி, மணிக் கயிறு, மெழுகுவர்த்தி, என் நிம்மதி எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன. எனக்கு முன் இந்தப் பங்கில் இருந்த எல்லாச் சாமியார்களையும் அவர் பார்த்துவிட்டார். என்னை ஒரு தற்காலிக ஏற்பாடாகவே நடத்துவார்.

"இன்னாசி, ரெண்டு தாலிப் பெட்டியும் பீரோவுல வச்சுப் பூட்டச் சொன்னேனே. பூட்டினீங்களா?"

"பெட்டியப் பூட்டினேன் சாமி."

"தாலிய?"

"தாலிய எப்படி சாமி பீரோவுல வைக்கிறது? பெட்டி மேல கடை விளம்பரம். உள்ள செய்கூலி இல்ல, சேதாரம் இல்லன்னு அச்சடிச்சிருக்கான். அதுக்குள்ளயா ராத்திரி பூரா கெடக்கும்? வெளிய எடுத்து மாதா காலடியில வச்சேன். ரெண்டு பொண்ணுக்கும் ஆசீர்வாதம் கெடைக்கட்டுமேன்னு."

"ரெண்டையும் ஒண்ணா?"

"மாதா ஒருத்திதானே சாமி?"

"காலைல எது எந்தப் பெட்டின்னு எப்படிப் பாத்தீங்க?"

இன்னாசி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டுமே செவப்புப் பெட்டி. ரெண்டுலயும் சிலுவை. மந்திரிச்சது ஒரே சாமி. இதுல என்ன சாமி வித்தியாசம்?"

இறையியல் படிப்பில் எனக்கு நல்ல மதிப்பெண். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பக் கிளம்ப எனக்கு வேலை முளைத்தது. முதல் நாள் ஒரு அடக்கம். மறுநாள் பள்ளிக்கூட ஆண்டாய்வு. அதற்கு அடுத்த நாள், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தேன், பங்குப் பேரவைச் செயலாளர் குறுக்கே வந்து நின்றார். மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பச்சைப் பெயின்டா, நீலப் பெயின்டா என்று இரண்டு அன்பியத்துக்கும், அதாவது தெருக் குழுக்களுக்கும், அடிதடியாம். மாதாவுக்கு நீலம் என்று ஒரு தரப்பு. போன வருடம் நீலம் அடித்தவர் எதிர்க்கட்சி என்று மறுதரப்பு. "வெள்ளை அடிங்க" என்றேன். இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்து என்மேல் பாய்ந்தது. ஒற்றுமைக்காக உழைப்பது என்பது இதுதான்.

ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதம். வைஷ்ணவி ஸ்ரீரங்கத்தில்தான் இருப்பாள் என்பது ஒன்றுதான் எனக்கு வசதி.

ஒருவழியாகக் காவிரிப் பாலம் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. மேலே போனபோது, சாகக் கிடப்பவர்களுக்கு நான் கொடுக்கும் நோயில் பூசுதலை எனக்கே கொடுக்க வேண்டிய நிலை.

வைஷ்ணவியின் அப்பா ஸ்ரீரங்கராஜன் கதவைத் திறந்தார். பெல் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் பாய்லர் வெல்டிங்கில் விரிசல் தேடியவர். ரிட்டயர் ஆனபின் விரிசல் தேட வேறு இடம் இல்லாமல், கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து என்னிடம் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ஃபாதர். நானே ஃபோன் பண்ணணும்னு இருந்தேன். ஒரு சந்தேகம். ஒங்க பைபிள்ல தாலி இருக்கோ?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குக் கட்டறேள்?"

"கட்டலேன்னா பொண்ணு வீடும் விடாது, மாப்பிள்ளை வீடும் விடாது சார்."

"அது நியாயம்," என்று ஒத்துக்கொண்டார். "அப்போ கட்டறதை ஒழுங்காப் பண்ணிக் கட்டலாமோல்லியோ? வைஷு, இங்க வா. ஃபாதர்ட்ட காட்டு."

வைஷ்ணவி வந்தாள். அவள் பின்னாலேயே காபி டம்ளருடன் அம்மா சகுந்தலா.

"வேணாம்பா. தாலியை ரிஜெக்ட் பண்ற ஒரே அப்பா ஒலகத்துலயே நீங்கதான்."

"சும்மா இரு. ஃபாதர், பின்பக்கம் டென்ட், பள்ளம். ஒண்ணு இல்லை, ரெண்டு. லென்ஸ் வச்சுப் பார்த்துட்டேன். ஒங்க ஆசாரி சரியா ஏமாத்திட்டான். ஆடிப்பெருக்கன்னைக்கு சரடு மாத்தறச்சே வெளில வருமோல்லியோ, அன்னைக்கே நம்ம ஆசாரிட்ட குடுத்துத் தட்டி நேராக்கிடறேன். சொல்லியும் வச்சாச்சு."

காபி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்தது. பார்க்கிறவர்களுக்கு நான் ஆசாரியின் மோசடிக்காக அழுவதுபோல இருந்திருக்கும். டெல்பின் அப்பா தட்ட நினைத்தும் தட்டாமலே போய்ச் சேர்ந்த பள்ளத்தை இவர் தட்டப்போகிறார்.

சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாயைத் திறந்தேன். "தட்டாம இருந்தா நல்லது சார்," என்றேன்.

"ஏன்?"

"தங்கம் தேஞ்சுடும்."

"தட்டினா தேயாது ஃபாதர். ராவினாத்தான் தேயும். மெட்டீரியல் படிச்சவன் நான்."

அவ்வளவுதான் என் வீரம். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பின்னாலிருந்து குரல். சகுந்தலா ஒரு பையில் வாழைப்பழத்துடன் நின்றிருந்தார்.

"ஃபாதர், பழத்தை விட்டுட்டுப் போறேளே."

எனக்கு யாரும் பழம் கொடுக்கவே இல்லை. பையை வாங்கிக்கொண்டேன். அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவர் இன்ஸ்பெக்ஷன் பண்ணினவர். குழந்தை வளர்த்தவர் இல்லை. அது டென்ட் இல்லை ஃபாதர். பல்லு." தன் திருமாங்கல்யத்தின் ஓரத்தைப் புடவைக்கு வெளியே எடுத்துக் காட்டினார். "இதோ பாருங்கோ, வைஷு கடிச்சது. ரோஷன் ஆத்துப் பெரியவா யாரோடதோன்னு நெனச்சுண்டேன். பழசைப் பத்திரமா வச்சிருந்து எங்க பொண்ணுக்குக் குடுத்திருக்காளேன்னு மனசு உருகிப் போச்சு. அவரண்ட சொல்லலை. சொன்னா 'செகண்ட் ஹேண்டா'ன்னு ஆரம்பிச்சுடுவர். ஆனா நீங்க காபி குடிச்ச அழகைப் பார்த்தா எனக்கு வேற என்னமோ தோணறது."

அமிர்தம் அனுமதித்த ஒருவரை நான் அந்தப் படிக்கட்டில் செலவழித்தேன். மாதா காலடி, சிவப்புப் பெட்டி, இன்னாசியின் இறையியல், மஸ்கட் ஃப்ளைட், எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. அதை அவரே கேட்டார்.

"அந்த அம்மாவோட ஆத்துக்காரர்?"

"இல்லம்மா. பொண்ணு சின்னதா இருக்கறப்பவே தவறிட்டார்."

சகுந்தலாவின் கை தானாகவே தன் கழுத்துக்குப் போனது. மாடியில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. நான் வாழைப்பழப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூவன். நன்றாகப் பழுத்திருந்தது.

"ஆடிப்பெருக்கன்னைக்குக் காலம்பற அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்துடுங்கோ," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணையும் அழைச்சுண்டு வாங்கோ. அவ அம்மாவையும்."

கோபமா, வருத்தமா, தீர்ப்பா, ஒன்றும் தெரியாத குரல். திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். அடுத்து வந்த நாட்களில் என் தூக்கத்தை அந்தக் குரல் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்ததை போர்வெல் மோட்டார் எடுத்துக்கொண்டது.

ஆடிப்பெருக்கன்று காலைப் பூசையை முடித்து, அங்கியைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டையில் கிளம்பினேன். அமிர்தமும் டெல்பினும் ஆட்டோவில் பின்னால். மாமியாரிடம் 'ஊருக்குப் போறதுக்கு முன்னாடி காவேரியப் பாத்துட்டு வந்துடறேன்' என்று டெல்பின் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. காவேரியைப் பார்க்காமல் அம்மா மண்டபத்தில் நிற்க முடியாது.

போலீஸ் வண்டிகளை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டது. திருச்சி முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. முளைப்பாரி, காதோலைக் கருகமணி, பலூன், ஒலிபெருக்கியில் தொலைந்துபோன குழந்தைகளின் பெயர்கள். படித்துறையில் இறங்கும்போது எங்கள் பங்கு அம்மாக்கள் இரண்டு பேர், கையில் மஞ்சள் சரடோடு, நேருக்கு நேர்.

"ஸ்தோத்திரம் சாமி," என்றார் ஒருவர், சரடை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "சும்மா வேடிக்கை பாக்க வந்தோம்."

"நானும்தான்மா," என்றேன். இரண்டு தரப்பும் மேற்கொண்டு விசாரிக்காமல் பிரிந்தோம்.

கீழ்ப்படி ஒன்றில் சகுந்தலா வாழை இலையில் மஞ்சளும் பூவும் விளக்கும் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைஷ்ணவி. ஸ்ரீரங்கராஜன் ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, சட்டைப் பையில் லென்ஸ். ஆசாரியிடம் நேராகப் போகிற ஏற்பாட்டில் வந்திருந்தார்.

டெல்பின் இறங்கிப் போனாள். அமிர்தம் மேல்படியிலேயே நின்றுவிட்டாள். சுற்றிலும் சுமங்கலிகள் ஒருத்திக்கு ஒருத்தி சரடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்குள் கால் வைக்க அவளுக்குத் துணிவில்லை. புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்துக்கொண்டாள்.

சகுந்தலா கைவேலையை நிறுத்தவில்லை. மஞ்சள் துண்டு கோர்த்த புதுச் சரடு ஒன்றை வைஷ்ணவி கழுத்தில் கட்டினார். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. புதுசு ஏறிய பிறகுதான் பழைய சரடு இறங்கும். அதேமாதிரி இன்னொன்றை டெல்பின் கழுத்திலும் கட்டினார். பிறகு இருவரின் பழைய சரடையும் அவிழ்த்தார். இரண்டு தாலியும் இப்போது வாழை இலையில். தாலியைக் கழற்றுவது என்ற பேச்சே எழாமல் தாலி வெளியே வந்துவிட்டது. நான் இரண்டு வாரமாகத் திருச்சபைச் சட்டத்தில் தேடிய வழி மூன்று விரல் மஞ்சள் துண்டில் இருந்தது.

"எதுக்கு ரெண்டையும் ஒண்ணா வைக்கறே?" என்றார் ஸ்ரீரங்கராஜன்.

"மாறிப் போயிடுத்து. கோவில்லயே. ஒங்க இன்ஸ்பெக்ஷன் சரிதான், டென்ட் இருக்கறது நம்மளது இல்லை."

"பார்த்தியா! நான் அன்னைக்கே சொன்னேனோல்லியோ!" மனிதர் குடையையே உயர்த்திவிட்டார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் ஒதுங்கிக்கொண்டார். வழுவழுத் தாலியை எடுத்து லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஓகே. நான் பாஸ் பண்றேன்."

சகுந்தலா அதை வாங்கி வைஷ்ணவியின் சரட்டில் கோர்த்தார். மற்றதைத் தொடவில்லை. நிமிர்ந்து மேல்படியைப் பார்த்தார்.

"ஏம்மா, அங்க நின்னுண்டு என்ன பண்றேள்? இறங்கி வாங்கோ."

அமிர்தம் தலையை ஆட்டினாள். "வேணாம்மா. நீங்களே கோத்துடுங்க. நான்… தொடக் கூடாது. நல்ல நாளு."

சுற்றியிருந்த இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கராஜனும் பார்த்தார். அமிர்தத்தின் போர்த்திய கழுத்தைப் பார்த்தார், இலையில் கிடந்த தாலியைப் பார்த்தார், தன் மகளின் கழுத்தைப் பார்த்தார். விரிசல் கண்டுபிடிப்பவர் அல்லவா, கண்டுபிடித்துவிட்டார். அவர் முகம் மாறியது.

"சகுந்தலா," என்று ஆரம்பித்தார்.

"குடையை இப்படிப் பிடியுங்கோ. வெய்யில் அடிக்கறது," என்றார் சகுந்தலா. பிறகு அமிர்தத்திடம்: "தொடக் கூடாதுன்னா இந்தப் பொண்ணு கடிச்சிருக்கப்படாது. கடிச்சவ ஒங்க பொண்ணு, கடி வாங்கினது ஒங்க தாலி. நடுவுல நான் யாரு தொடறதுக்கு? நான் சரடைப் பிடிச்சுக்கறேன். நீங்க கோருங்கோ. சீக்கிரம், நேக்கு முட்டி வலிக்கறது."

டெல்பின் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "வாம்மா," என்றாள்.

அமிர்தம் இறங்கி வந்தாள். ஈரப்படி, கூட்டம், யாரோ ஒரு குழந்தை காலில் இடித்தது. குனிந்து இலையிலிருந்து தாலியை எடுத்தாள். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைப் பின்பக்கம் வைத்தாள். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. சகுந்தலா டெல்பினின் சரடைக் கழுத்திலிருந்து எடுக்காமல், முடிச்சை மட்டும் தளர்த்தி ஒரு நுனியை நீட்டிப் பிடித்தார். அமிர்தம் கோர்த்தாள். இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவையில் போய் உட்கார்ந்ததும் சகுந்தலா முடிச்சை இறுக்கினார்.

"ஃபாதர், சும்மா நின்னுண்டிருக்கேளே," என்றார் சகுந்தலா. "ஏதாவது சொல்லுங்கோ. ஒங்க ஆளாச்சே."

மூன்று கல்யாணத்துக்குப் போதுமான பிரசங்கம் வைத்திருப்பவன், சிலுவை அடையாளம் போட்டு, "நல்லா இருங்க" என்றேன். என் வாழ்க்கையிலேயே சின்னப் பிரசங்கம். முழுசாகக் கேட்கப்பட்டதும் அதுதான்.

ஸ்ரீரங்கராஜன் தொண்டையைக் கனைத்தார். அமிர்தத்தின் பக்கம் ஒரு அடி வந்து, லென்ஸை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அம்மா, யார் சொன்னாலும் கேக்காதீங்கோ. அந்த டென்டை மட்டும் தட்டிடாதீங்கோ."

"தட்ட மாட்டேங்க சார்," என்றாள் அமிர்தம்.

என்னிடம் திரும்பினார். "ஃபாதர், நான் ஒண்ணும் கேக்கலை. ஆனா ஒரு சந்தேகம். ஒங்க கோவில்ல லாக்கர் கிடையாதோ?"

கைபேசி அடித்து என்னைக் காப்பாற்றியது. இன்னாசி.

"சாமி, எங்க இருக்கீங்க? இங்க வரிசையா வண்டி நிக்குது. பெருக்கு ஆஃபர்னு பங்குல பாதிப் பேரு புது வண்டி எடுத்திருக்காங்க. மந்திரிக்கணுமாம். வெயில்ல கத்துறாங்க."

"வரேன். பத்திரமாப் பாத்துக்குங்க."

புளியோதரை ஒரு பொட்டலம், தத்யோன்னம் என்கிற தயிர்சாதம் ஒரு பொட்டலம், சட்டையில் மஞ்சள் கறை, இவற்றோடு பாலத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். கோயில் முற்றத்தில் மாலை போட்ட வண்டிகள். எல்லாம் ஒரே கம்பெனி, பாதிக்கு மேல் ஒரே கறுப்பு. உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருவர் கையிலும் சாவி இல்லை.

"இன்னாசி, சாவியெல்லாம் எங்க?"

இன்னாசி கெபியைக் காட்டினார். பாதி நீலமும் பாதி பச்சையுமாக இருந்த கெபியில், மாதா காலடியில், ஒரு குவியல்.

"நீங்க வர நேரம் ஆச்சு. அதுவரைக்கும் ஆசீர்வாதம் கெடைக்கட்டுமேன்னு வச்சேன் சாமி," என்றார்.